மதுரைக் கோயில் வாயிலைத் திறந்த வைத்தியநாத ஐயர்

அலங்காநல்லூர் என்றவுடன் அன்பர்களுக்குத் தைத் திங்களின் ஏறுதழுவலே நினைவிற்கு வரும். 2017-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவ்வூர் வாடிவாசலில் மூண்ட போராட்டம் தமிழகமெங்கும் பரவியதையும், 2023-ஆம் ஆண்டு மே திங்களில் உச்ச நீதிமன்றம் அவ்விளையாட்டிற்கு இடமளித்துத் தீர்ப்புக் கூறியதையும் அனைவரும் அறிவர். கொல்லாமையையும் இன்னா செய்யாமையையும் முதல் விரதமாகக் கொண்ட நமக்கு அதுபற்றி ஒரு கருத்து உண்டு. தலைமுறை தலைமுறையாகக் காளை வளர்த்துவரும் ஊராருக்கு வேறொரு கருத்து உண்டு. ஊர் வழக்கம் பெரிதா, தனி ஒருவரின் உள்ளத்தில் எழும் அறவுணர்வு பெரிதா என்னும் வினா அவ்வூர் எல்லையிலேயே நம்மை எதிர்கொள்கிறது. ஆயினும் யாம் இங்கு எழுத முற்பட்டது ஏறுதழுவலைப் பற்றியன்று. அதே வினாவை அதே வட்டாரத்தில், தம் வாழ்நாளையே ஈடாக வைத்து எதிர்கொண்ட ஒரு பெரியாரைப் பற்றியது.

அலங்காநல்லூர் என்னும் பெயருக்கு அவ்வூரார் ஒரு காரணம் கூறுவர். அழகர்மலைக் கள்ளழகர் முற்காலத்தில் தேனூர் வைகைக்கு எழுந்தருளும் வழியில் இங்குத் தங்கி அலங்காரம் செய்துகொள்வாராம். அதனால் அலங்காரநல்லூர் என்று வழங்கிய பெயர் அலங்காநல்லூர் என மருவிற்றாம். பெயர்க் காரணம் எவ்வாறாயினும், சித்திரைத் திங்களில் மலையை விட்டு இறங்கி வரும் அழகரை வழியெங்கும் எல்லாக் குலத்தாரும் கண்டு வணங்குவர். உழவரும், ஆயரும், சேரி மக்களும் மண்டகப்படிகளில் முண்டியடித்து நின்று தரிசித்தனர். ஆனால் திருவிழா முடிந்து அழகர் தம் கோயிலுக்குள் புகுந்தபின், அவரைக் காண அம்மக்களுள் ஒரு பெரும் பகுதியினருக்கு வழி இல்லை. மூடிய கோபுரக் கதவில் உறையும் பதினெட்டாம்படிக் கருப்பணசாமியை வணங்கிவிட்டு அவர்கள் திரும்பவேண்டியிருந்தது. தெருவில் எல்லோருக்கும் உரியவராக இருந்த தெய்வம் கோயிலுக்குள் சிலருக்கே உரியவராகிவிட்ட இந்நிலை 1939-ஆம் ஆண்டு வரை நீடித்தது.

அதே அழகர்மலையின் ஒரு பகுதியில், கிடாரிப்பட்டிக்கு அருகே, நம் முனிவர்கள் வாழ்ந்த குகைத்தளம் இருப்பதை அன்பர்கள் பலர் நேரில் கண்டிருப்பர். பஞ்சபாண்டவர் படுக்கை என்று ஊரார் வழங்கும் அக்கற்படுக்கைகளின் மேல் தமிழ்ப் பிராமி எழுத்துகளில் கொடையாளர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. உப்பு வணிகர், கொழு வணிகர், பணித வணிகர், மதுரைப் பொற்கொல்லர் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். பாறைப் புறத்தில் அச்சணந்தி முனிவர் செய்வித்த திருமேனியும் உண்டு. அக்கல்வெட்டுகளைப் படிக்கும்போதெல்லாம் எமக்கு ஒன்று தோன்றும். கொடுத்தவர்தம் பெயரும் தொழிலும் ஊருமே அங்கு உள்ளன. அவர் எந்தக் குலத்தில் எத்தனையாம் படியில் நின்றார் என்பது இல்லை. உப்பு விற்றவரின் கொடையைத் துறவியர் ஏற்றனர். அத்தகைய மலையின் அடிவாரத்தில்தான் பின்னாளில் மூடிய கதவுகள் எழுந்தன. அக்கதவுகளைத் திறக்கப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர் மதுரை அ. வைத்தியநாத ஐயர். அவர் நம் சமயத்தவர் அல்லர். எனினும் அவர்தம் வரலாறு நம் குடும்பங்களில் படிக்கப்பட வேண்டியது என்று கருதுகிறோம். அதற்கான காரணம் கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

வைத்தியநாத ஐயர் தஞ்சை மாவட்டம் விஷ்ணம்பேட்டையில் 1890-ஆம் ஆண்டு மே திங்கள் 16-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் அருணாசலம் ஐயர், தாயார் இலட்சுமி அம்மாள். வைதிகக் குடும்பம். மதுரைக்குக் குடிவந்தபின் சேதுபதி பள்ளியிலும் மதுரைக் கல்லூரியிலும் பயின்றார். சென்னையிலும் கல்வியைத் தொடர்ந்தார். சில காலம் ஆசிரியராகப் பணிபுரிந்து, பின்னர்ச் சட்டம் பயின்று மதுரையில் வழக்கறிஞரானார். வருவாயும் மதிப்பும் நிறைந்த தொழில் அது. அமைதியாக இருந்திருந்தால் அக்கால மதுரையின் பெரிய வழக்கறிஞர் வரிசையில் ஒருவராக, அக்கிரகாரத்தின் பெருமைக்குரிய மகனாக அவர் வாழ்ந்து முடித்திருப்பார்.

அவர் அமைதியாக இருக்கவில்லை. காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் காங்கிரசு இயக்கத்தில் இறங்கினார். உப்பு அறப்போர்க் காலத்திலும் அதன்பின் வந்த போராட்டங்களிலும் சிறை சென்றார். அவர்தம் துணைவியார் அகிலாண்டத்தம்மாளும் சிறை புகுந்தார். இவை அக்காலத் தேசத் தொண்டர் பலர் வாழ்விலும் நிகழ்ந்தவை. ஆதலின் விரித்து எழுதாமல் மேற்செல்கிறோம்.

அவரைப் பிறரிடமிருந்து வேறுபடுத்தியது தேசப்பற்று மட்டுமன்று. 1932-ஆம் ஆண்டு பூனா உடன்படிக்கைக்குப் பின் காந்தியடிகள் தோற்றுவித்த அரிசன சேவா சங்கத்தின் பணியை மதுரையில் அவர் ஏற்றார். பின்னர்த் தமிழ்நாட்டுக் கிளையின் தலைவராக நெடுங்காலம் விளங்கினார். அரிசன் என்னும் சொல்லை இன்று அம்மக்களே விரும்புவதில்லை. ஆயினும் அன்றைய சங்கத்தின் பெயர் அதுவாதலின் அவ்வாறே எழுதுகிறோம். தாழ்த்தப்பட்ட குலத்து மாணவர்களுக்கு அவர் விடுதி அமைத்தார். தம் இல்லத்திலும் அவர்களுக்கு இடமளித்தார். அக்காலத்தில் ஒரு பிராமணர் மேடையில் தீண்டாமை ஒழிப்பைப் பேசுவது அரிதன்று. அடுக்களையையும் கூடத்தையும் திறந்துவிடுவது அரிதினும் அரிது. மேலூர் அருகே தும்பைப்பட்டியைச் சேர்ந்த கக்கன் என்னும் இளைஞர் அவரால் பிள்ளைபோல் பேணப்பட்டார். அந்த இளைஞரே பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் தமிழக அமைச்சராகவும் உயர்ந்து, எளிமைக்கு இலக்கணமாக இன்றும் பேசப்படுபவர்.

கோயில் நுழைவு என்பது அன்று எத்தகைய சிக்கல் என்பதை இளைய தலைமுறையினர் அறிதல் நலம். வெறும் பழக்கமாக மட்டும் அத்தடை இருக்கவில்லை. சட்டத்தின் வலிமையும் அதற்கு இருந்தது. இராமநாதபுரம் சீமையிலுள்ள கமுதியில் 1897-ஆம் ஆண்டு நாடார் குலத்தார் சிலர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் புகுந்து வழிபட்டனர். கோயிலின் அறங்காவலரான சேதுபதி மன்னரின் சார்பில் வழக்குத் தொடுக்கப்பட்டது. வழக்கு மதுரை நீதிமன்றத்திலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கும் சென்றது. 1908-ஆம் ஆண்டு முடிவான தீர்ப்பில் நாடார் தோற்றனர். நெடுநாளைய வழக்கம் எதுவோ அதுவே கோயிலின் சட்டம் என்று நீதிமன்றங்கள் கொண்டன. வணங்க விரும்பிய மனிதனின் பக்தியோ ஒழுக்கமோ அங்கு வழக்காடு பொருளாகவில்லை. அவன் பிறந்த குலம் மட்டுமே ஆயிற்று. தனி மனிதன் என்று ஒருவனை அச்சட்டம் காணவே இல்லை எனலாம்.

வழக்கறிஞரான வைத்தியநாத ஐயருக்கு இவ்வரலாறு நன்கு தெரியும். தடையை மீறி ஒருவர் உள்ளே சென்றால், சென்றவர் மீதும் அனுமதித்த அலுவலர் மீதும் வழக்குத் தொடுக்கலாம். கோயில் தீட்டுப்பட்டது என்று கூறிச் சுத்திகரிப்புச் செலவையும் கேட்கலாம். 1936-ஆம் ஆண்டு நவம்பரில் திருவிதாங்கூர் மன்னர் தம் அரசின் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டார். அங்கு மன்னரின் ஆணை ஒன்றே போதுமானதாயிற்று. சென்னை மாகாணத்தில் அவ்வாறு ஆணையிட ஒருவர் இல்லை. 1938-ஆம் ஆண்டு எம். சி. ராஜா சட்டமன்றத்தில் கொணர்ந்த கோயில் நுழைவு மசோதா இராசாசி அமைச்சரவையின் ஆதரவைப் பெறாமையால் தோல்வியுற்றது. முதலில் மலபாருக்கு மட்டும், அதுவும் வழிபடுவோரின் கருத்தறிந்து செயற்படும் வகையில், ஒரு சட்டம் போதும் என்று இராசாசி கருதினார். ஒருவர்க்குரிய உரிமை பெரும்பான்மையோரின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டுமா என்று ராஜா வருந்திக் கேட்டதில் பொருள் உண்டு என்றே எமக்குத் தோன்றுகிறது.

வைத்தியநாத ஐயர் மேற்கொண்டது நடுவழி. முதலில் மதுரை நகர மக்களிடம் சென்றார். தெருத்தெருவாகக் கூட்டங்கள் நடந்தன. 1939-ஆம் ஆண்டு சூன் திங்களில் இராமேசுவரி நேரு அம்மையார் தலைமையில் கோயில் நுழைவு மாநாடு கூடியது. ஊராரின் உள்ளம் முற்றும் மாறிவிட்டதென்று சொல்லுவதற்கில்லை. எனினும் எதிர்ப்பு எவ்வளவு, ஆதரவு எவ்வளவு என்பது தெரியவந்தது. அப்போது மீனாட்சியம்மன் கோயிலின் நிருவாக அதிகாரியாக விளங்கிய ஆர். எஸ். நாயுடு இம்முயற்சிக்கு இசைந்தவராக இருந்தார். உ. முத்துராமலிங்கத் தேவரின் துணையும் கிட்டியது. கலகம் செய்ய எண்ணியோர் அதனால் அஞ்சிப் பின்வாங்கினர். இவையனைத்தும் அமைந்தபின், எல்லோரும் உடன்படும் நாளுக்காக அவர் காத்திருக்கவில்லை. அந்நாள் தம் வாழ்நாளில் வாராது என்பதை அறிந்திருந்தார் போலும்.

1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள் காலை. கக்கன், முருகானந்தம், முத்து, சின்னய்யா, பூவலிங்கம் ஆகிய தாழ்த்தப்பட்ட குலத்தினர் ஐவரும், நாடார் குலத்துச் சண்முக நாடாரும் வைத்தியநாத ஐயருடன் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் புகுந்தனர். அரிசன சேவா சங்கச் செயலாளர் எல். என். கோபாலசாமியும் உடனிருந்தார். கோயில் அலுவலர் அவர்களை முறைப்படி வரவேற்றனர். அம்மையை வணங்கிப் பிரசாதம் பெற்று அவர்கள் வெளிவந்தனர். பல நூற்றாண்டுத் தடை ஒரு காலைப்பொழுதில் நீங்கிற்று. கமுதி வழக்கில் தோற்ற குலத்தைச் சேர்ந்த ஒருவர், முப்பத்தோராண்டுகள் கழித்து, அதே அம்மையின் தலைமைக் கோயிலில் தலைநிமிர்ந்து நின்றார் என்பதை இங்கு நினைவுகூர்கிறோம்.

அதன்பின் வந்த நாள்களே வைத்தியநாத ஐயரின் மனவுறுதியைச் சோதித்தவை. கோயில் தீட்டுப்பட்டதென்றும், சுத்திகரிப்பு நடந்தாலன்றிப் பூசை செய்யலாகாதென்றும் பட்டர்கள் சிலர் கூறிக் கருவறையைப் பூட்டிச் சென்றனர். நிருவாக அதிகாரி அதனைத் திறக்கச் செய்து வேறு பட்டர்களைக் கொண்டு பூசையைத் தொடர்ந்தார். வழக்குகள் எழுந்தன. சனாதனிகளின் தலைவரான வழக்கறிஞர் நடேச ஐயர், தமிழ்ச் சங்கச் சாலையிலிருந்த தம் இல்லத்தில் அம்மனுக்கு வேறொரு கோயிலை அமைத்தார். மதுரையை விட்டு மீனாட்சி வெளியேறிவிட்டாள் என்பது அவர்கள் நம்பிக்கை. சில ஆண்டுகள் அங்குப் பூசையும் நடந்தது. வைத்தியநாத ஐயரும் அவர் குடும்பத்தினரும் சொந்தக் குலத்தாரால் ஒதுக்கப்பட்டனர். திருமணம், இழவு முதலிய நன்மை தீமைகளில் உறவின் முறையார் வாராதிருத்தல் எத்தகைய தண்டனை என்பதை ஊர்க்கட்டுப்பாட்டில் வாழ்ந்தோர் அறிவர். எண்ணிக்கையில் குறைந்த நம் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் அதனை நன்றாகவே அறிவோம். சில ஊர்களிலேயே பெண் கொடுத்துப் பெண் கொள்ளும் நமக்கு உறவின் முறை என்பது உயிர்மூச்சுப் போன்றது.

அரசு விரைந்து செயற்பட்டது. நுழைந்தவர்க்கும் நுழையவிட்ட அறங்காவலர்க்கும் பாதுகாப்பளிக்க அவசரச் சட்டம் ஒன்று அத்திங்களிலேயே பிறந்தது. செப்டம்பர்த் திங்களில் அது முறையான சட்டமாயிற்று. வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லையென்று அறங்காவலர் கருதினால், அரசின் ஒப்புதலுடன் கோயிலைத் திறக்கலாம் என்பது அதன் சாரம். தஞ்சைப் பெரிய கோயிலும், பழனி, அழகர்கோயில் முதலியனவும் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டன. கருப்பணசாமியின் கதவோடு திரும்பிய மக்கள் அழகரின் கருவறை முன் நிற்கலாயினர்.

எதிர்த்தோரை எல்லாம் கொடியோர் என்று எழுதிவிடுதல் எளிது. யாம் அவ்வாறு எழுத விரும்பவில்லை. ஆகமத்தின்படி பிரதிட்டை செய்த திருவுருவின் சாந்நித்தியம் விதிமீறலால் குன்றும் என்று உண்மையாகவே அஞ்சியவர் அவர்களுள் இருந்தனர். ஒரு சமயத்தார் தம் வழிபாட்டு நெறியைத் தாமே வகுத்துக்கொள்ள உரிமையுடையர். அரசும் அயலாரும் அதில் தலையிடலாகாது என்பது அவர்கள் வாதம். சிறுபான்மையினராகிய நாம் இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஏனெனில் நாமும் அதனைக் கூறியிருக்கிறோம்.

அவ்வரலாற்றை நம் பத்திரிகைகளில் ஒரு பக்கமாகவே எழுதுவது வழக்கம். பம்பாய் மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டு அரிசனக் கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறியது. அதில் இந்து என்னும் சொல்லுக்குள் சமணரும் அடக்கப்பட்டனர். சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜ் என்னும் ஊரின் சமணக் கோயில் குறித்துச் சிக்கல் எழுந்தது. திகம்பர மரபின் பேராசானாகிய சாரித்திர சக்கரவர்த்தி ஆசாரிய சாந்திசாகர மகாராசர், சமணம் தனிச் சமயமென்பது நிலைநாட்டப்படும் வரை தானிய உணவைக் கைவிடுவதாக 1948-ஆம் ஆண்டு விரதம் பூண்டார். மூன்று ஆண்டுகள் அந்நோன்பு நீடித்தது. 1951-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பம்பாய் உயர் நீதிமன்றம், சமணக் கோயில்களில் இந்துக்களுக்கு முன்பு இல்லாத உரிமை எதனையும் அச்சட்டம் புதிதாக உண்டாக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. அதன்பின்னரே ஆசாரியர் தானியம் ஏற்றார்.

முதிய வயதில், நாளொன்றுக்கு ஒருவேளை நின்றுண்ணும் திகம்பர முனிவர் மூன்று ஆண்டுகள் தானியமின்றி இருந்தார் என்பதை எண்ணும்போது எம் உள்ளம் உருகுகிறது. நம் சமயத்தின் தனித்தன்மை காக்கப்பட்டது. அதற்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். அதே வேளையில் மற்றொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். அப்போராட்டத்தின் கருப்பொருள் தனிச் சமய உரிமை. ஆனால் அது நிகழ்ந்த இடம் ஒரு வாயிற்படி. அவ்வாயிற்படியின் மறுபுறம் நின்றவர்கள் தாழ்த்தப்பட்ட மக்கள். தனித்தன்மை வேண்டும் என்று நாம் எழுப்பிய குரல், நீங்கள் உள்ளே வரவேண்டா என்பதாக அவர்கள் செவியில் விழுந்திருக்கும். ஆசாரியரின் நோக்கம் அதுவன்று என்று நாம் விளக்கலாம். விளக்கம் தேவைப்படுகிறது என்பதே நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி.

நம் ஆகமங்கள் இதில் எப்பக்கம் நிற்கின்றன? தீர்த்தங்கரரின் சமவசரணத்தில் தேவரும் மனிதரும் விலங்கும் அமர இடமுண்டு என்பதைக் குழந்தையும் அறியும். நற்காட்சி உடையவன் தாழ்ந்த குலத்தில் பிறந்தவனாயினும் தேவனெனப் போற்றத்தக்கவன் என்பது சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் காட்டிய நெறி. அதனைத் தழுவிய அருங்கலச்செப்பை நம் இல்லங்களில் ஓதி வருகிறோம். அகிம்சை விரதத்திற்கு எடுத்துக்காட்டாக அந்நூல் மரபு கூறும் யமபாலன் யார்? கொலைத்தண்டனையை நிறைவேற்றும் சண்டாளன். சதுர்த்தசி நாளில் உயிர் கொல்லேன் என்று முனிவரிடம் விரதம் ஏற்றவன். ஆட்டைக் கொன்ற அரசிளங்குமரனை அந்நாளில் கொல்லுமாறு அரசன் ஆணையிட்டபோது மறுத்தவன். மன்னன் சினந்து அவனை முதலைகள் வாழும் மடுவில் எறியச் செய்தான். தேவர்கள் அவனைக் காத்து அரியணையில் ஏற்றிச் சிறப்பித்தனர். அரசாணை, குலத்தொழில், ஊர் வழக்கம் ஆகிய மூன்றும் ஒருபுறம் நிற்க, தான் ஏற்ற ஒரு விரதத்தைப் பற்றிக்கொண்டு தனியே நின்ற மனிதன் அவன். மேலைநாட்டார் தனிமனித உரிமை என்னும் பெயரால் பேசும் கருத்தில் நமக்கு ஒவ்வாத பகுதி பல உண்டு. விரும்பியதையெல்லாம் நுகர்தலே உரிமை என்பதை அபரிக்கிரகம் போற்றும் நாம் ஏற்கமாட்டோம். ஆனால் ஒவ்வோர் உயிரும் தன் வினையைத் தானே செய்து, தன் வீட்டைத் தானே எய்தவேண்டும். குலமோ கூட்டமோ அதற்காக அதனைச் செய்துதர இயலாது என்னும் கொள்கை நமக்கு இரவல் சரக்கன்று.

வைத்தியநாத ஐயரிடம் திரும்புவோம். அவர் தம் சமயத்தை விட்டு வெளியேறியவர் அல்லர். 1920-களிலிருந்தே சுயமரியாதை இயக்கத்தார் கோயில் நுழைவு முயற்சிகளில் ஈடுபட்டதுண்டு. ஆயினும் கோயிலின் புனிதத்தில் அவ்வியக்கத்திற்கு நம்பிக்கை இல்லை. டாக்டர் அம்பேத்கரோ 1930-ஆம் ஆண்டு நாசிக் காலாராம் கோயிலில் அறப்போர் தொடங்கி, ஆண்டுகள் பல கடந்தும் கதவு திறவாமையால், அவ்வழியையே கைவிட்டார். கோயிலைவிடக் கல்வியும் அரசியல் அதிகாரமும் முதன்மை என்றார். அக்கருத்தின் வன்மையை மறுத்தற்கில்லை. மதுரையில் ஐவர் உள்ளே சென்றதனால் சேரியில் கிணறு வந்துவிடவில்லை, கூலி உயர்ந்துவிடவில்லை. ஐயரும் இதனை அறிந்தே விடுதிகளையும் பள்ளிப் படிப்பையும் கைவிடாமல் நடத்தினார். அவர்பால் கூறப்படும் மற்றொரு குறை, உரிமையை அம்மக்கள் தாமே எடுத்துக்கொள்ளாமல் மேற்குலத்தார் ஒருவர் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று என்பது. குறை உண்மையே. ஆனால் அன்று உடன் சென்ற அறுவரும் பூட்டியிருந்த ஒரு நகரத்தின் நடுவே நடந்து சென்றனர். அவர்கள் துணிவு எவ்வகையிலும் குறைந்ததன்று. ஐயர் தம் குலத்தை இழக்கும் இடரை ஏற்றார். அவர்கள் தம் உடலையும் ஊரையும் பணயம் வைத்தனர்.

1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் ஐயர் மீண்டும் சிறை சென்றார். 1946-ஆம் ஆண்டு பிப்ரவரியில் காந்தியடிகள் மதுரைக்கு வந்து மீனாட்சியம்மன் கோயிலில் வழிபட்டார். முன்னர் மதுரைக்கு வந்தபோது, எல்லோர்க்கும் திறவாத கோயிலுக்குள் புகேன் என்று அவர் விலகி நின்றவர். அவ்வாண்டிலேயே மேலூர்த் தொகுதியிலிருந்து ஐயர் சென்னைச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பூட்டிச் சென்ற பட்டர்களும் இதற்கிடையே கோயிற் பணிக்கு மீண்டிருந்தனர். அவர்களை ஏற்றுக்கொண்ட கோயிலை யாம் போற்றுகிறோம். தோற்றவரை வெளியே நிறுத்திவைத்தல் மற்றொரு தீண்டாமை ஆகிவிடும்.

1947-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் நிறைவேறிய கோயில் நுழைவுச் சட்டம் முன்னையதினும் வேறானது. 1939-ஆம் ஆண்டுச் சட்டம் வழிபடுவோரின் மனநிலையைக் கேட்டது. கோயிலுக்குக் கோயில் அறங்காவலரின் இசைவைக் கேட்டது. புதிய சட்டமோ எக்குலத்தைச் சேர்ந்த இந்துவும் இந்துக் கோயிலில் புகுந்து வழிபட உரிமையுடையவர் என்று நேரே கூறிற்று. எட்டே ஆண்டுகளில் ஊரின் அனுமதியாக இருந்தது ஆளின் உரிமையாக மாறிற்று. இம்மாற்றத்தை எதிர்த்துத் தென்கன்னடத்து மூல்கி வெங்கடரமணர் கோயிலார் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். தம் கோயில் கௌட சாரசுவதப் பிராமணர்க்கே உரிய தனிப்பிரிவுக் கோயில் என்றனர். 1958-ஆம் ஆண்டு வந்த தீர்ப்பு அவர்கள் தனிப்பிரிவினர் என்பதை ஏற்றது. ஆயினும் எல்லோரும் நுழையும் உரிமையே மேலோங்கும் என்றது. சில சடங்குகளை மட்டும் அப்பிரிவினர் தமக்கென வைத்துக்கொள்ளலாம் என்றும் இடமளித்தது. கூட்டத்தின் உரிமைக்கும் ஆளின் உரிமைக்கும் எல்லைக்கோடு எங்கே இடலாம் என்பதற்கு இத்தீர்ப்பு ஒரு நல்ல வழி காட்டியதாக யாம் கருதுகிறோம். சடங்கு நெறி சமயத்தாரின் பொறுப்பு. அதில் பிறர் கைவைத்தலை நாம் விரும்பமாட்டோம். ஆனால் பிறப்பைக் காட்டி ஓர் உயிரை வாயிலில் நிறுத்துதல் சடங்கு நெறியின் பகுதி என்று கூறுவதற்கு, சமந்தபத்திரரைப் படித்த நமக்கு வாய் வாராது.

அத்தீர்ப்பைக் காண ஐயர் இருக்கவில்லை. 1955-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள் அவர் காலமானார். அவ்வாண்டிலேயே செப்டம்பர்த் திங்கள் 18-ஆம் நாள் ஆசாரிய சாந்திசாகரர் குந்தல்கிரியில் சல்லேகனை நோற்று உடல் நீத்தார். ஒருவர் கதவு திறக்கத் தம் குலத்தாரின் உறவை இழந்தார். மற்றொருவர் தம் சமயத்தின் எல்லையைக் காக்கத் தானியத்தைத் துறந்தார். இருவரும் பிறரைத் துன்புறுத்தாமல் தம்மையே வருத்திக்கொண்டனர் என்பதில் ஒற்றுமை உண்டு. நம் இல்லங்களில் ஆசாரியரின் திருவுருவப்படம் உண்டு. ஐயரின் உருவைப் பார்த்திராத இளைஞர்களுக்காக ஒரு செய்தி: 1999-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

அழகர்மலைக் குகைத்தளத்திற்கு யாத்திரை செல்லும் அன்பர்கள், கற்படுக்கைகளை வணங்கியபின், மலையின் மறுபுறம் அழகர்கோயில் கோபுர வாயில் வரையிலும் சென்று வருக. கருப்பணசாமியின் கதவு இன்றும் மூடியே இருக்கும். அது அக்கோயிலின் மரபு. அதன் பக்கத்திலுள்ள வழியில் எக்குலத்தார் என்று கேட்பார் இன்றி மக்கள் உள்ளே சென்று வருவதைக் காணலாம்.